நேரம் குறித்து வைத்த மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நேற்று உங்கள் மேசை இழுப்பறையைக் காலி செய்தோம். அத்தைதான் செய்யச் சொன்னார். ராணுவ டாக்டராக நீங்கள் வாங்கிய பதக்கங்கள் ஒரு பழைய காலுறைக்குள் சுருட்டிக் கிடந்தன. கைக்குச் சட்டென்று எட்டும் இடத்தில் இருந்தவை மார்க்கர் பேனாக்கள். கறுப்பு, தடித்த முனை, மொத்தம் பதினான்கு. அதில் மூன்றுதான் எழுதின.

நீங்கள் நேரம் எழுதி வைக்காத பொருள் இந்த வீட்டில் உண்டா? இருமல் மருந்துப் பாட்டிலில் திறந்த தேதி. பேத்திக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி, மாத்திரை கொடுத்த நேரத்தை அவள் புறங்கையிலேயே எழுதிவிட்டீர்கள். ஒரு வாரம் அதைத் தேய்த்துக் கழுவ விடாமல் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் இதெல்லாம் எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன். நீங்கள் என் தொடையில் ஒரு துண்டைச் சுற்றி, உள்ளே ஒரு கரண்டியைச் செருகி முறுக்கினீர்கள். கால் மரத்தது. "ரத்தத்தை நிறுத்த இப்படி இறுக்குவதுதான் டூர்னிக்கெட். அதைக் கட்டினால் கட்டிய நேரத்தை எழுதிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் தாண்டினால் காலுக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும். அடுத்து வாங்கிப் பார்க்கிற டாக்டருக்கு நேரம் தெரியாவிட்டால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி" என்றீர்கள். சொல்லி முடித்தும் துண்டை அவிழ்க்கவில்லை. நான்தான் கேட்டு அவிழ்க்க வைத்தேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நீங்கள் படித்த காலத்தில் டூர்னிக்கெட் என்பது கடைசி வழி, கட்டினால் காலை இழக்கத் தயாராக இரு என்றுதான் பாடம். 2000-களின் போர்க்கள அனுபவத்துக்கு அப்புறம் பாடம் தலைகீழானது. கை காலில் ரத்தம் பீறிட்டால் அதைத்தான் முதலில் கட்ட வேண்டும். "அப்போ, இருபது வருஷம் பசங்களுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்" என்று, தெருவில் வழி மாறி வந்ததைச் சொல்வது போலச் சொன்னீர்கள். கர்னல் அந்தஸ்தில் இருந்தவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ராணுவ டாக்டர் என்றால் குண்டு துளைத்த உடம்புகள்தான் என்று நினைத்திருந்தேன். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் கால் கொப்புளமும் குடிதண்ணீர்ச் சோதனையும் கக்கூஸ் பார்வையிடலும்தானாமே! காலையில் சிக் பரேட், அதாவது உடம்பு சரியில்லை என்று வரும் சிப்பாய்களின் வரிசை. அதில் நிஜமாகவே வயிற்று வலிக்காரன் யார், ஓட்டப் பயிற்சிக்குப் பயந்தவன் யார் என்று பிரிப்பது. இதையெல்லாம் ஏன் பெருமையாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரைப் பிடித்துக்கொள்வீர்கள். பிரிட்டிஷ் படையில் சண்டையில் செத்தவர்களைவிட நோயில் போனவர்களே அதிகம், அங்கே எமனுக்குப் பெயர் டைபாய்டு என்பீர்கள். பேரன் கையை உடைத்துக்கொண்டபோது, மாவுக்கட்டுக்குள் பாரிஸ் சாந்தைக் கொண்டுவந்த மதைசன் 1851இல் டச்சு ராணுவ டாக்டராக இருந்தவர் என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அவன் அழுகையை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டான். மலேரியாக் கிருமியை 1880இல் கண்ட லாவரானும் பிரெஞ்சு ராணுவ டாக்டர் என்பதற்குள் தூங்கியே போனான்.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மகள் இதைப் படித்துவிட்டு என்னைச் சும்மா விடமாட்டாள். அவள் பிறந்தபோது நீங்கள் பக்கத்தில் இல்லை. முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு ஐந்து மாதம். தூக்கியதும் கொஞ்சவில்லையாம், எடை பார்த்தீர்களாம். அத்தை இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், அவள் சிரிக்கமாட்டாள். பன்னிரண்டு வகுப்புக்கு ஏழு பள்ளிக்கூடம், ஒவ்வொரு மாற்றலிலும் ஒரு சிநேகிதி பாதியில் அறுந்தாள். அந்தக் கணக்கு உங்களோடு தீரவில்லை.

உங்களுக்குப் பிடித்த ஆள் லாரே. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர். பதவியையும் கொடியையும் பார்க்காமல், காயத்தின் தீவிரத்தைப் பார்த்து ஆளை எடுத்தவர். 1949 ஜெனீவா ஒப்பந்தமும் அதைத்தான் சொல்கிறது, மருத்துவ அவசரம் தவிர வேறு எதற்காகவும் ஒருவரை முந்த விடக்கூடாது என்று. நீங்கள் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டீர்கள். இரண்டு பெண்களும் சண்டை போட்டால், ஊரைக் கூட்டி அழுகிறவளை விட்டுவிட்டு, மூலையில் பேசாமல் நிற்பவளிடம் போவீர்களாம். "சத்தம் போடுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, கொஞ்சம் காத்திருப்பான்" என்பது உங்கள் கணக்கு. அழுதவள் என் மனைவி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வேலை போனபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினீர்கள். மூன்றாம் நாள் காலை நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்க, எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். என்ன, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தனை நாளாக, மாப்பிள்ளை?"

பதினாறு நாள் என்றேன். தலையை ஆட்டினீர்கள். ஷூவைக் கழற்றச் சொன்னீர்கள். அப்புறம் உள்ளே போய், மகளை நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள்.

எழுதுகிற மூன்று பேனாக்களில் ஒன்றை அத்தை எடுத்துக்கொண்டார். இன்னொன்றைப் பேத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவது என்னிடம். இந்தக் கடிதத்தை அதால்தான் முதலில் காகிதத்தில் எழுதினேன். மேல் மூலையில் குறித்திருக்கிறேன்: ஆரம்பித்தது காலை 6.40. இப்போது 8.15.

உங்கள் மாப்பிள்ளை