விரதம் முடிக்கிற நாள்

அன்புள்ள சீனு,

ஆறு மாசமா கடிதம் போடாததுக்குத் திட்டணும்னா அப்புறம் திட்டு. திங்கள்கிழமையிலிருந்து நீ பதினாலு நாள் தண்ணியும் எலுமிச்சைச் சாறும் மட்டும் குடிச்சு விரதம் இருக்கப்போறதா மாலதி சொன்னா. பி.டி. மாஸ்டராலேயே கரைக்க முடியாத தொந்தியாச்சே!

விளையாட்டை விடு. உன் பிரஷர் மாத்திரையில டெல்மிசார்டானோட, சிறுநீரை அதிகமாக்குற குளோர்தாலிடோனும் இருக்கு. அது பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரோட வெளியே தள்ளும். சாப்பாடு நின்னா வரவு நிக்கும், செலவு நிக்காது. இந்த ரெண்டும் குறைஞ்சா ஈசிஜியில க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயக் கீழறையில மின்சாரம் ஏறி இறங்க ஆகுற நேரம், நீளும். அது 500 மில்லி செகண்டைத் தாண்டினா துடிப்பு திடீர்னு தாறுமாறாகி ஆள் சாயலாம். 1977-ல அமெரிக்காவுல திரவப் புரத டயட் எடுத்தவங்கள்ல பலர் இப்படித்தான் போனாங்க. அவங்க குடிச்சது பெரும்பாலும் மாட்டுத் தோல், தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன் கரைசல். நாளுக்கு 400 கலோரிகூடத் தேறாது.

ஆனா எனக்குப் பெரிய பயம் பதினஞ்சாம் நாள்தான். நீ நேரா பாயசத்துல கை வைப்பே. சர்க்கரை ஏறினதும் இன்சுலின் பாயும்; ரத்தத்துல மிச்சமிருக்கிற பாஸ்பேட்டையும் (செல்லோட சக்திக்கு வேண்டிய உப்பு) பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ள இழுத்துக்கும். அதுவரை ரிப்போர்ட் நார்மல்னே காட்டியிருக்கலாம், உள்ளே காலி! ஒரே நாள்ல இதயம் தடுமாறலாம், மூச்சுத் தசைகூட ஓயலாம். இளநீர்ல பொட்டாசியம் உண்டு, பாஸ்பேட் சொற்பம். அதனால அந்தச் சமாதானமும் வேண்டாம். அவ்வளவு நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல போகக்கூடாது. உன் 84 கிலோவுக்கு 840. அதுவும் தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்துட்டு, தினமும் ரத்தம் பார்த்துக்கிட்டே, நாலு முதல் ஏழு நாள்ல மெல்ல ஏத்தணும். வீட்டுல இதை யார் பார்ப்பா, உங்க அத்தையா?

சுகர் மாத்திரை தனித் தலைவலி. கிளிமிபிரைடு பட்டினியில சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும். டாபாகிளிஃப்ளோசின் இருந்தா சர்க்கரை பெரிசா ஏறாமலே ரத்தம் அமிலமாகலாம். மீட்டர் நல்லாத்தான் காட்டும், நீ வாந்தி எடுத்துக்கிட்டிருப்பே. அதுக்காக நீயா எதையும் நிறுத்திடாதே.

குறைக்கணும்னா வழி இருக்கு. பிரிட்டன்ல டைரக்ட்ங்கிற சர்க்கரை நோய் ஆய்வுல மூணு முதல் அஞ்சு மாசம் நாளைக்கு 825–853 கலோரிதான். ஆனா சத்துகள் கணக்காச் சேர்த்த பானம், பிரஷர், சுகர் மாத்திரையை மேற்பார்வையில முதல் நாளே நிறுத்தினாங்க. உன் எலுமிச்சம்பழத்தை அதோட ஒப்பிடாதே.

ஞாயிறுக்குள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போ. ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் எல்லாம் எடு. ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சு அனுப்பு. அதுவரை திங்கள்கிழமை இட்லி உண்டு, மாலதிகிட்ட சொல்லிட்டேன்.

உன்
ரகு