பழைய கோயிலை இடிக்க முன்னம்: வன்னிக் கரையோரப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அருட்பணிச் சபை உறுப்பினர்களே, திருவிழாக் குழுக்காரரே, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் ஊர்ச் சங்கத்து உறவுகளே,

எங்கள் ஊர்ப் பழைய கத்தோலிக்கக் கோயிலை இடிப்பதென்று முடிவெடுத்த கூட்டம் அரை மணித்தியாலம் கூட நீடிக்கவில்லை. சுவர் வெடித்துவிட்டது, மழைக்கு ஒழுகுகிறது, திருவிழாவுக்குச் சனம் கொள்ளவில்லை என்றார்கள். எல்லாரும் கை உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் ஜேசிபி வந்தது. பத்து மணிக்கெல்லாம் பீடத்துப் பக்கச் சுவர் மட்டும்தான் நின்றது. அன்று நான் பொறுக்கி வந்த ஒரு கல் இன்றைக்கும் என் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். ஒரு பக்கம் மூளை மடிப்புப் போல வளைந்து வளைந்து வரி ஓடுகிறது. இன்னொரு பக்கத்தில் சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருக்கிறது, அதற்குள் நகத்தளவு சிப்பித் துண்டு ஒன்று. கடலுக்குள் உயிரோடு வளர்ந்த கல்லை வெட்டி, காயவைத்து, கரையிலேயே சூளை போட்டுச் சுண்ணாம்பு சுட்டுக் கட்டியிருக்கிறார்கள் எங்கள் பாட்டன்மார். அந்தக் கல் இனிக் கிடைக்காது. முருகைக்கல் வெட்டுவதைச் சட்டம் தடுத்துப் பல வருசம், தடுத்ததும் சரிதான். ஆனால் இருக்கிற சுவரை உடைத்தால் உடைத்ததுதான்.

சுவர் ஏன் வெடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, வயது போய்விட்டது என்று சொல்லிவிடுகிறோம். உப்புக் காற்றும் நிலத்து ஈரமும் அந்தச் சுவருக்குப் புதிதல்ல. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு பூச்சில் பூத்து உதிரும், சில வருசத்துக்கு ஒருதரம் திரும்பப் பூசினால் சரி. நாங்கள் செய்தது என்ன? அழகாக இருக்கட்டும் என்று சீமெந்து பூசினோம், அதற்கு மேல் எமல்சன் பெயின்ற், கீழே டைல்ஸ். வெளியே வர வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. உப்பு உள்ளேயே கட்டிபட்டுக் கல்லை மாவாக்குகிறது. வயது அந்தக் கோயிலைக் கொல்லவில்லை. நாங்கள் ஆசையோடு பூசிய சீமெந்துதான் கொன்றது.

“எங்களுக்குச் சொரூபம்தான் முக்கியம், கட்டடம் இல்லை” என்று ஒரு பெரியவர் அன்று சொன்னார். அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 1670இல், கத்தோலிக்கரைத் துன்புறுத்திய ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரருக்கு) பயந்து மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குப் போனதாகத்தான் எங்கள் மடு மாதாவின் வரலாறு தொடங்குகிறது. அதே மாதா 2008 ஏப்ரலில் ஷெல்லடிக்குள் மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்கு வந்தா, ஓகஸ்டில் திரும்பிப் போனா. கோயிலை விட்டுவிட்டு ஓடத் தெரிந்த சனம்தான் நாங்கள். ஆனால் அப்போது பின்னால் துரத்துகிறவன் இருந்தான். இன்றைக்கு யார் துரத்துகிறார்கள்?

இரணைதீவைப் பாருங்கள். 1992இல் இடம்பெயர்ந்த சனம் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் திரும்பி இறங்கியபோது வீடுகள் பற்றைக்குள் கிடந்தன. அவர்கள் கூடி நின்று செபித்தது செபமாலை மாதா கோயிலடியில்தான். முள்ளிக்குளத்துச் சனம் 2007இல் எழும்பிய பிறகு ஊர் கடற்படை முகாமாகிவிட்டது. காணிக்குள் கால் வைக்க முடியாத காலத்திலும் அவர்கள் ஊரோடு வைத்திருந்த தொடர்பு அந்தக் கோயில்தான். போர் தின்ற கோயில்கள் எத்தனை. 2004 சுனாமி முல்லைத்தீவு இராயப்பர் கோயிலைக்கூட விடவில்லை. அத்தனைக்கும் தப்பி நிற்கிற சுவரை நாங்களே கூலி கொடுத்து இடிப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

சனம் கொள்ளவில்லை என்பது உண்மை. புதுக் கோயில் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் கட்டுங்கள். கிழமைநாள் பூசைக்கும் நற்கருணை ஆராதனைக்கும் செத்தவீட்டுச் செபத்துக்கும் பழைய கோயில் தாராளமாய்ப் போதும். வளவு சின்னது என்றால் முகப்பையும் பீடத்தையுமாவது விட்டுக் கட்டலாம்.

வெளிநாட்டு உறவுகளிடம் ஒன்று. நீங்கள் அனுப்பும் காசில் உபயகாரர் பெயர் பொறித்த கல் பதிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு விளங்குகிறது. அதே காசில் கொஞ்சத்தை, சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன்மார் எங்காவது இருந்தால் தேடிப் பிடித்து, அவர்களோடு இரண்டு பெடியளை வேலை பழக விடச் செலவழியுங்கள். பெயர்க்கல்லைப் பிறகும் பதிக்கலாம்.

அப்புறம், இடிக்கத்தான் போகிறீர்கள் என்றாலும் முதலில் அளவெடுங்கள், உள்ளும் புறமும் படம் எடுங்கள். சுவரிலும் மணியிலும் கல்லறையிலும் இருக்கிற எழுத்தை ஒன்றுவிடாமல் எழுதி வையுங்கள். ஞானஸ்நானப் புத்தகங்களை ஈரம் படாத இடத்துக்கு மாற்றுங்கள். முற்றத்தில் விடிய விடியக் கூத்துப் பழக்கி ஆட்டிய அண்ணாவிமார் உயிரோடு இருந்தால் அவர்களின் கூத்துக் கொப்பியை வாங்கிப் பிரதி எடுங்கள். வெளியார் வந்து எங்கள் ஊர்க் கதையை எழுத முன்னம் நாங்கள் எழுதிவிடவேண்டும்.

இந்த வருசக் கொடியேற்றத்துக்கு முந்திய கூட்டத்தில், வரவு செலவு வாசிக்க முதல், இந்த மடலை ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். பிறகு கை உயர்த்தச் சொல்லுங்கள்.

உங்களில் ஒருவன்,
கரையோரப் பங்கு ஒன்றின் மகன்