கடற்கரையில் கொஞ்சம் குறைவாகக் கட்டுங்கள், நாங்களும் கட்ட வேண்டும்

சென்னைக் கடற்கரைகளை அழகுபடுத்தத் திட்டம் வரையும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் மணல்வீடு கட்டுகிறவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில், அடியை வெட்டி எடுத்த பெயிண்ட் வாளியும் கரண்டியுமாக உட்கார்ந்திருக்கும் என்னிடம், "உங்க குழந்தை எங்க சார்?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. குழந்தை வீட்டில் தூங்குகிறது. கட்டுவது நான்தான்.

உங்கள் திட்டங்களைச் செய்தித்தாளில் படித்துவிடுவேன். நிழற்குடை, நடைபாதை, அலங்கார விளக்கு, நின்று படம் எடுக்க ஓர் இடம். சென்னையை அடுத்த கோவளம் கடற்கரைக்கு 2021-இல், தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்த பிறகு இந்த ஆர்வம் கூடியிருக்கிறது. எல்லாவற்றையும் நான் குறை சொல்லவில்லை. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதை எப்போதோ வந்திருக்க வேண்டியது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியபோது மனம் கஷ்டப்பட்டது. ஆனால் மற்றதெல்லாம் பார்ப்பதற்கும் உட்காருவதற்கும்தான். மணலில் கை வைக்கிறவனுக்கு எந்த வரைபடத்திலும் இடமில்லை.

எங்களுக்கு வேண்டிய இடமும் பெரிதல்ல. மெரினா அத்தனை அகலமாக இருப்பதற்கே துறைமுகம்தான் காரணம் என்பது உங்களுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதன் தடுப்புச் சுவர்கள் எழுந்த பின், கரையோரமாக வடக்கே நகரும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம் பக்கம், கடல் கரையை அரித்தது. ஆனால் அந்த அகலத்தில் பெரும்பகுதி காய்ந்த மணல், எங்களுக்கு உதவாது. இந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் அதிகம் போனால் ஒரு மீட்டர் சொச்சம். அதனால் ஈரப் பட்டை குறுகலானது. நாங்கள் கேட்பது அதில் ஒரு துண்டு.

ஏன் ஈரம் என்று கேட்பீர்கள். காய்ந்த மணல் குவியும், சுவராக நிற்காது. கொஞ்சம் நீர் சேர்ந்தால் துகளுக்கும் துகளுக்கும் நடுவே அது மெல்லிய பாலமாகி இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு குழு 2012-இல் சோதித்து, கன அளவில் நூற்றில் ஒரு பங்கு நீர் இருந்தாலே மணல் உச்ச வலிமை பெறுகிறது என்றது. தூணின் அடியை இரண்டு மடங்கு அகலமாக்கினால் உயரத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூட்ட முடியும் என்பதும் அவர்கள் கணக்கு. கோபுரத்தை ஒல்லியாகக் கட்ட ஆசைப்படுகிற எவனுக்கும் இது கையிலேயே தெரிந்துவிடும்.

வாளியைக் கவிழ்த்து வைத்து, மணலைக் கொட்டி, கடல்நீர் ஊற்றி, நன்றாகக் குத்தி, மறுபடி கொட்டி, நீர் வடிந்ததும் வாளியை மெல்ல உருவ வேண்டும். பிறகு உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்க வேண்டும். அடியில் தொடங்கினால் மேலே உதிர்வதெல்லாம் முடித்த வேலையை மூடிவிடும். நம் கரையில் கருமணல் கோடு கோடாகக் கிடக்கும். அதைத் தனியே வழித்து வைத்துக்கொண்டு மதிலுக்குப் பட்டை போடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. வெயில் ஏறிக் கடற்காற்றும் சேர்ந்துவிட்டால் விளிம்புகள் உதிர ஆரம்பிக்கும். ஆகவே எங்கள் நேரம் காலைதான்.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். முதலாவது, கண்ணாடி. மணல் சலிக்கும் வண்டி மேல்மணலைத்தான் சலிக்கிறது, நாங்கள் முழங்கை ஆழத்துக்குக் கை விடுகிறோம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் உடைந்த மது பாட்டில். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் டாஸ்மாக் ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் வந்தது. மலைக்குத் தேவைப்பட்டது கடற்கரைக்கும் தேவை. அந்த ஏற்பாடு கரையை ஒட்டிய கடைகளில் கறாராக நடந்தாலே எங்கள் விரல்கள் பாதி பிழைத்துவிடும்.

அடுத்தது விசில். அலையில் இறங்கி உயிரை விட்டவர்கள் இந்தக் கரையில் ஏராளம், காவலுக்கு நிற்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் தண்ணீருக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்திருப்பவனையும் குளிக்க இறங்குகிறவனையும் ஒரே மாதிரி விரட்ட வேண்டாம். காலை ஒன்பது மணிவரை இங்கே மணலில் கட்டலாம் என்று ஒரு பலகை வைத்தால் காவலர்களுக்கும் எங்களுக்கும் வாக்குவாதம் இருக்காது. பக்கத்தில் கை கழுவ ஒரு குழாய். அவ்வளவுதான் செலவு.

எங்கள் பக்கக் கடமைகளும் உண்டு. முழங்காலுக்கு மேல் ஆழமாகக் குழி தோண்டக் கூடாது. ஆழக்குழியின் மணல் சரிந்து மூடி வெளிநாட்டுக் கடற்கரைகளில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். தோண்டியதை மூடிவிட்டுத்தான் எழ வேண்டும், முக்கியமாக, பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் ஜனவரியிலிருந்து இரவில் கரையேறும் மாதங்களில். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒரு குழியில் விழுந்தாலே கடல் சேராது. (உங்கள் அலங்கார விளக்குகளும் அந்தக் குஞ்சுகளைத் திசைதிருப்பும், அதையும் பாருங்கள்.) ஊரூர் குப்பத்துக்காரர்கள் படகு ஏற்றும் இடத்திலும் வலை காயும் இடத்திலும் எங்களுக்கு வேலையில்லை. அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம்.

மணல்வீட்டை மிதிக்காதே என்று மன்றாடுவது நமக்குப் புதிதுமல்ல. ஒரு தலைவனைக் குழந்தையாக வைத்துப் பாடும் ஆண்பால் பிள்ளைத்தமிழில், சிற்றில் எனும் மணல்வீட்டுப் பருவம் முழுக்கச் சிறுமிகளின் இந்த வேண்டுகோள்தான். அவர்கள் மன்றாடியது பாட்டுடைத் தலைவனிடம். எனக்குக் கிடைத்திருப்பது நீங்கள்.

இப்படிக்கு,
பெசன்ட் நகரில் மணல்வீடு கட்டும் ஒருவன்

பி.கு.: இதைப் படித்துவிட்டு யாராவது கோப்பில் "மணற்சிற்பப் போட்டி நடத்தலாம்" என்று குறிப்பு எழுதினால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். பரிசு வந்தால் பந்தல் வரும், பந்தலோடு ஒலிபெருக்கி வரும், பிறகு நுழைவுச்சீட்டு வரும். ஒடிசாவின் பூரிக் கடற்கரையில் வளர்ந்து 2014-இல் பத்மஸ்ரீ பெற்ற மணற்சிற்பி சுதர்சன் பட்நாயக் போன்றவர்களுக்கு விழாக்கள் இருக்கின்றன. நாங்கள் கட்டுவதில் பாதி கோணல், எங்களுக்கு நடுவர்கள் வேண்டாம்.