உபயகாரர் பெயர் பொறிக்க முடியாத செலவு

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் ஊருக்கு வரும்போது, வைத்தியசாலைக்கு என்ன தேவை என்று கேட்கிறீர்கள். நாங்களும் வழக்கம்போல ஓர் இயந்திரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக இம்முறை வேறொன்று கேட்கிறேன்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அப்படியிருந்தும் சில பெற்றோர் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்? பொறுப்பில்லாதவர்கள் என்று தொலைபேசியில் தீர்ப்புச் சொல்வோர் நெடுந்தீவுத் தாய் ஒருத்தியின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். கொழும்புக்கு அருகே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமைக்குப் போக முதலில் குறிகட்டுவானுக்குப் படகு. சோளகக் காற்று பலமாக வீசினால் அதுவும் நிச்சயமில்லை. பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ். அங்கிருந்து இரவு பஸ்ஸில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். விடிந்ததும் கொழும்பில் இறங்கி இன்னொரு பஸ். மடியில் கிடப்பதோ நோயெதிர்ப்பு அற்றுப்போன பிள்ளை. போய்ச் சேர்ந்தால் சுற்றிலும் சிங்களம். தகப்பன் துணைக்குப் போனால் அன்றைய கடற்றொழில் இல்லை; மற்றப் பிள்ளைகள் அம்மம்மாவின் பொறுப்பு. காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போய்விடும்.

இதைக்கூடத் தாங்குகிறார்கள். எனக்கு அதிகம் பயம் தருவது பிள்ளை தேறும் காலம்தான். முதல் நான்கைந்து வாரச் சிகிச்சையிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஸ்டீரொயிட் மாத்திரையால் கன்னம் உப்பி, நடுச்சாமத்தில் எழும்பிப் புட்டுக் கேட்கும். பார்க்க வரும் சொந்தக்காரர், "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் ஏன் முள்ளந்தண்டில் ஊசி போட்டு வதைக்கிறீர்கள்?" என்பார். அயலில் ஒருவர் சூரணம் கொண்டுவருவார். ஆனால் சிகிச்சை முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் செல்லும். அதில் பெரும்பகுதி வீட்டில் மாத்திரையோடு கழிவது: நாள்தோறும் மேர்கப்ரோபியூரின், வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட். முழு மாத்திரை பிள்ளைக்கு அதிகம் என்பதால், சோசரில் வைத்து பிளேட்டால் சரிபாதியாக வெட்டி, மற்றப் பாதியைப் பத்திரமாக மடித்து வைக்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரை நின்றாலும் பிள்ளை சில காலம் ஓடி விளையாடும், அதுதான் ஏமாற்றுகிறது. திரும்பி வரும் நோயைக் குணப்படுத்துவது முதல் முறையைவிட மிகக் கடினம். செல்வந்த நாடுகளில் இந்நோய் வந்த பிள்ளைகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்.

பிரேசிலின் ரெசிஃபி நகரமும் வசதியற்ற இடம்தான். 1980களில் அங்கே இந்நோய் வந்த பிள்ளைகளில் 16 வீதமானோர் சிகிச்சையைக் கைவிட்டார்கள். தங்குமிடம், போக்குவரத்து, குடும்பத்துக்கான உதவி எல்லாம் சிகிச்சையோடு சேர்ந்த பிறகு, 1997க்கும் 2002க்கும் இடையில் அது 0.5 வீதமானது.

நான் கேட்பதும் அதுவே. இரண்டு பேருக்கான பஸ் காசு, இழந்த நாட்கூலி, வீட்டில் இருப்பவர்களுக்கு உலர் உணவு. இவற்றோடு, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம். நான்கு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையைத்தான் சிகிச்சையைக் கைவிட்டதாக மருத்துவ உலகம் கணக்கெடுக்கிறது. அவ்வளவு நாள் பொறுக்கக்கூடாது. கிளினிக்குக்கு வராத அன்றே தொலைபேசி எடுத்து, "படகு ஓடவில்லையா, காசில்லையா?" என்று கேட்பதுதான் அவருடைய வேலை.

பஸ் டிக்கெட்டில் உபயகாரர் பெயர் பொறிக்க முடியாது. அது உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும். ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால் சிகிச்சை முடியும்வரை மாதந்தோறும் காசு வரவேண்டும், இடையில் நிர்வாகம் மாறினாலும், சங்கமே இரண்டாக உடைந்தாலும். பிள்ளையின் படத்தை முகநூலில் போடவும் கூடாது. நாளை கல்யாணப் பேச்சில் அந்தப் படம் எழும்பி வரும் என்று பயந்தே உதவியை மறுக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்து, எத்தனை பிள்ளைகளை ஏற்க முடியும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
வலிகாமம்