தடியில்லாமல் வாசல்வரை நடக்கிறேன்

ராயக்கோட்டை உறவுகளுக்கும், தூரத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஹெலிகாப்டர் விழுந்து அடிபட்ட நான், போன வாரம் வீடு வந்து சேர்ந்தேன். எட்டு மாதமாகச் சொல்ல நினைத்ததை இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

"மாட்டு டாக்டருக்குப் படிச்சவன் எப்படிப்பா வானத்துல இருந்து விழுந்தே?" என்று பெரியப்பா கேட்டார். தென்னாப்பிரிக்கப் புதர்க்காட்டில் எருமைக்கு மயக்க ஊசி போட ஹெலிகாப்டரில்தான் போவோம். கதவைக் கழற்றிவிட்டு, பட்டை மாட்டிக்கொண்டு வெளியே சாய்ந்து, 15 மீட்டர் உயரத்திலிருந்து சுட வேண்டும். நல்ல உயரத்தில் என்ஜின் நின்றால்கூட, இறங்கும்போது அடிக்கும் காற்றிலேயே விசிறி சுழலும். விமானி தரையில் வைத்துவிடலாம். அவ்வளவு தாழ்வில், வேகமும் இல்லையென்றால் அதற்கு அவகாசமே கிடையாது. அன்று எருமை சட்டென்று திரும்பியது, நாங்களும் திரும்பினோம். காற்று பின்பக்கம் மாறி, ஹெலிகாப்டரைத் தாங்கும் சக்தி குறைந்தது. அப்படியே அமுங்கினோம்.

விமானி எருமையை விட்டுவிட்டார். முள்மரங்களைத் தாண்டி, கவிழாமல் வெட்டவெளியில் இறக்கினார். அவருக்குக் கால் முறிந்தது, எனக்கு முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கியது. உயிர் அவர் கொடுத்தது.

ஓடிவந்த டாக்டரம்மா முதலில் என் முதுகைப் பார்க்கவில்லை. என் துப்பாக்கியில் இருந்தது எட்டார்ஃபின் என்ற மயக்க மருந்து. துளி உடம்பில் ஏறினாலும் மூச்சு நின்றுபோகலாம். மாற்று மருந்தை ஒரு கையில் பிடித்தபடி, எங்காவது குத்தியிருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேடினார். அந்த நிதானத்தை மறக்க மாட்டேன். அசையாமல் பலகையில் தூக்கிவந்த நான்கு தொழிலாளர்களுக்கும், பிரிட்டோரியா மாரியம்மன் கோயிலில் எனக்காக விளக்கேற்றி, தினமும் ரசம் சாதம் கொண்டுவந்த குடும்பத்துக்கும் நன்றி.

அப்புறம் நம் தெரு. அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு அலைந்த நாட்களில், பழுத்து நின்ற எங்கள் தக்காளியைப் பறித்து, மண்டியில் போட்டு, பணத்தை அம்மா கையில் கொடுத்தீர்கள். கூலிகூட எடுக்கவில்லை என்று அம்மா சொன்னார். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் ஷாஜாபூரிலும் ஹெலிகாப்டரை வைத்து வெளிமான்களை ஓட்டிப் பிடித்தார்கள். இந்த வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, "விட்டுடலாம்" என்று விமானி சொன்னால் மறுபேச்சுப் பேசாதீர்கள். விலங்கை நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு மதியம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். ராகிக் களியும் கோழிக் குழம்பும். பெரியப்பா, நீங்கள் கட்டாயம்.