சனிக்கிழமை வராத பையனைப் பற்றி

அன்புள்ள தம்பி,

உங்கள் கால்பந்து அணியில் புதிதாகச் சேர்ந்த பையனின் அப்பா சிறையில் இருக்கிறார் என்று அவனுடைய பாட்டி உங்களைத் தனியே அழைத்துச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவனிடம் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். என் அப்பா சிறைக்குப் போனபோது நானும் அவனைப் போல ஒரு பள்ளிப் பிள்ளை. அதனால்தான் என்னிடம் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் சம்மதத்தோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காத பயிற்சியாளர்கள் பலர் இருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: "சனிக்கிழமைப் பயிற்சிக்கு அடிக்கடி வருவதில்லை, இரண்டு முறை வராதவர்களுக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை என்பது எங்கள் விதி." அந்தச் சனிக்கிழமைகளில் அவன் எங்கே போகிறான் என்று பாட்டியிடம் கேட்டீர்களா? பெரும்பாலும் அப்பாவைப் பார்க்கத்தான் போயிருப்பான். சந்திப்பு நாளைச் சிறைதான் முடிவு செய்கிறது. குடும்பத்துக்கு வசதியான நாள் எது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் விதி அப்படியே இருந்தால், அவன் அப்பாவா ஆட்டமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒரு குழந்தையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

அப்பாவும் வேண்டும், ஆட்டமும் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் சில மாதங்கள் அப்பாவைப் பார்க்கப் போகும்போது எங்களுக்குப் பேச எதுவும் இருக்காது. "சாப்பிட்டாயா? படிக்கிறாயா? அம்மா சொல்வதைக் கேட்கிறாயா?" இந்த மூன்று கேள்விகளோடு பேச்சு தீர்ந்துவிடும். மீதி நேரமெல்லாம் நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் அவர் உடைந்துபோவார். வேறு எதைப் பேசுவது?

பிறகு நான் கைப்பந்து அணியில் சேர்ந்தேன். அப்பாவுக்குக் கைப்பந்து தெரியாது. கடிதத்தில் ஆடுகளத்தை வரைந்து, நான் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். உள்ளே யாரிடமோ கேட்டு விதிகளைக் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த சந்திப்பில், "நீ ஏன் எப்போதும் வலது மூலைக்கே சர்வீஸ் போடுகிறாய்?" என்று கேட்டார். என்னோடு சண்டை போட்டார், யோசனை சொன்னார், பாதி யோசனைகள் தப்பாகவும் இருந்தன. அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து சொன்னபோது எங்கள் பேச்சு இன்னும் முடிந்திருக்கவில்லை. தண்டனைக் காலம் முழுவதும் அவர் எனக்கு அப்பாவாகவே இருந்ததற்கு அந்தப் புள்ளியும் ஒரு காரணம்.

இத்தாலியில் 2015-ஆம் ஆண்டு முதல் சிறைகளுக்குள்ளேயே கைதிகளும் அவர்களுடைய குழந்தைகளும் சேர்ந்து கால்பந்து ஆடும் நிகழ்வை ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. அதைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன். ஒரே பந்தின் பின்னால் அப்பாவும் பிள்ளையும் ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இறந்தவருக்காக ஊர் கூடி அழும். சிறைக்குப் போனவருக்காக வீடு கதவைச் சாத்திக்கொண்டு அழும். உயிரோடு இருந்தும் உடன் இல்லாத இத்தகைய பிரிவைக் குடும்ப உறவுகளை ஆராய்ந்த பாலீன் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். அந்தச் சாத்திய கதவை எங்கள் வீட்டில் முதலில் திறந்தது என் ஆட்டம்தான். என்னை அழைத்துவர வேண்டியிருந்ததால் அம்மா மைதானத்துக்கு வந்தார். முதலில் தூரத்தில் மரத்தடியில் நின்றார். ஒருநாள் இன்னொரு பெண்ணின் தாய் போய், "உங்கள் மகளா அது? நன்றாக எம்பிக் குதிக்கிறாள்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு, வழக்கைப் பற்றி அல்லாத ஒரு பேச்சு.

ஆய்வுகளும் இருக்கின்றன. 2019-இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 9,668 பேரின் தரவுகளைப் பார்த்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சிறுவயதில் ஏதோ ஒரு பெருந்துன்பத்தைச் சந்தித்தவர்கள். பெற்றோர் சிறைப்பட்டதும் அந்தத் துன்பங்களில் ஒன்று. அப்படிப்பட்டவர்களில், வளரிளம் பருவத்தில் அணி விளையாட்டு ஆடியவர்களுக்குப் பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் பதற்றமும் குறைவாகக் காணப்பட்டன. விளையாட்டுதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் என் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது.

எல்லா மைதானமும் மருந்தாகிவிடாது, தம்பி. ஒருமுறை எதிரணிப் பெண்ணை நான் பிடித்துத் தள்ளியபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர், "ரத்தம் பேசுகிறது" என்றார். நான் செய்தது தவறு, தண்டித்திருக்கலாம். அந்த இரண்டு சொற்கள் மட்டும் வேண்டாம். உங்கள் பையனும் ஒருநாள் யாரையாவது உதைப்பான். மற்றப் பையன்களுக்கு என்ன தண்டனையோ அதையே அவனுக்கும் கொடுங்கள். கூட்டவும் வேண்டாம், இரக்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். பெற்றோரின் நிலையை வைத்து எந்தக் குழந்தையும் பாகுபடுத்தப்படவோ தண்டிக்கப்படவோ கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை இரண்டாவது பிரிவிலேயே சொல்கிறது.

"அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார்" என்று அவன் நண்பர்களிடம் சொன்னால் நீங்கள் திருத்த வேண்டாம். உண்மையை யாரிடம், எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. சேர்க்கைப் படிவத்தில் 'தந்தை கையொப்பம்' என்ற இடத்தை 'பொறுப்பாளர் கையொப்பம்' என்று மாற்றிவிடுங்கள். வழக்குச் செலவு ஏறி, ஒருவர் வருமானமும் போன வீட்டில் காலணி வாங்குவது பெரும்பாடு. எல்லோர் முன்னாலும் அவனுக்கு மட்டும் ஒரு ஜோடியை நீட்டாதீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி அணிக்கென்று சில ஜோடிகள் இருக்கட்டும். அவனுக்கு அப்பாவாக முயலவும் வேண்டாம். அவனுக்கு அப்பா இருக்கிறார்.

இந்தச் சனிக்கிழமை சந்திப்பு நாளா என்று பாட்டியிடம் கேளுங்கள். ஆம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான பட்டியலில் அவன் பெயரை எழுதி, வெள்ளிக்கிழமையே அவனிடம் சொல்லிவிடுங்கள். மறுநாள் அப்பாவிடம் சொல்ல அவனுக்கு ஒரு செய்தி இருக்கும்.

அன்புடன்,
அக்கா