எங்கள் தெருக் கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும்? மண்ணை அளந்து சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வெள்ளி இரவு எங்கள் தெருவில் மண்ணுக்கடியில் போகும் மின்கேபிள் மறுபடியும் வெடித்தது. இந்தக் கோடையில் இது மூன்றாவது முறை. மூன்றும் டிரான்ஸ்ஃபார்மருக்கும், வீடுகளுக்கு மின்சாரம் பிரியும் இரண்டாவது பில்லர் பெட்டிக்கும் நடுவே, அதே இருபதடிக்குள். முன்கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன.

நான் ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் மின்பராமரிப்பு பார்த்து ஓய்வுபெற்றவன். பள்ளம் தோண்டியபோது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு கேபிள்கள் ஒட்டிக் கிடந்தன. மணல் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த செங்கல். அள்ளிய மண் சாம்பலாக உதிர்ந்தது. கேபிளின் மேலுறை கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. வெடித்த இடத்தை இணைத்து ஜாயிண்ட் போட்டவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கேபிள் மண்ணுக்குள் வெந்திருக்கிறது.

"அட்டவணைப்படி தாங்கும்" என்கிறது உங்கள் அலுவலகம். அந்த அட்டவணை, ஐ.எஸ். 3961 என்ற இந்தியத் தரநிலையில் உள்ளது. அது தரும் ஆம்பியர் கணக்கு, மண் 30 டிகிரியில் இருக்கும், அதன் வெப்பத்தடை, அதாவது சூட்டை வெளியே விடாமல் தடுக்கும் தன்மை, 150 அலகைத் தாண்டாது என்று வைத்துக்கொண்டு போட்டது. மண் காய்ந்தால் அந்தத் தடை ஏறும். பக்கத்துக் கேபிளின் சூடும் சேரும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் கேபிள் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. மழைநீரும் கீழே இறங்குவதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் காப்புக்கு 70 டிகிரிதான் எல்லை. மின்னோட்டம் 20 சதவீதம் கூடினால் சூடு 44 சதவீதம் கூடும். விடிய விடிய ஏ.சி. ஓடும் தெருவில் அது ஆற நேரம் ஏது?

1998-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நான்கு 110 கிலோவோல்ட் கேபிள்கள் அடுத்தடுத்துப் பழுதாகி, நகரின் மையப்பகுதி ஐந்து வாரம் தவித்தது. நம்பியிருந்த அளவைவிட அவற்றின் தாங்குதிறன் குறைவு என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவுக்காவது முன்கூட்டியே தெரியட்டும்.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா, படுக்கையோடு கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொள்கிறார். முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறார்கள். மின்சாரம் போனால் பம்பு நின்று மெத்தை தொய்ந்து, அவர் முதுகு கட்டில் பலகையில் படும். அன்று பதினான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த அம்மா தனியாளாக அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார். அந்த அம்மாவுக்கே வயது அறுபத்தெட்டு. காலையில் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா.

இதற்கிடையே புதிய அடுக்குமாடி ஒன்றுக்கும் இதே கேபிளிலிருந்து இணைப்பு தரப்போவதாகக் கேள்விப்படுகிறோம். பணம் கட்டியவருக்கு இணைப்பு தர வேண்டியதுதான். ஆனால் கேபிள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் சுமையை ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? வெடித்த இடத்தில் ஜாயிண்ட், அடுத்து வெடித்தால் இன்னொரு ஜாயிண்ட் என்றே எத்தனை கோடையைக் கடத்துவது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான். கேபிள் கிடக்கும் இடத்திலேயே மண்ணின் வெப்பத்தடையை அளந்து, ஆழத்தையும் ஒட்டிக் கிடக்கும் கேபிள்களையும் சேர்த்து, தாங்குதிறனை மறுபடி கணக்கிடுங்கள். அதை எங்களுக்கு எழுத்தில் தாருங்கள். அதுவரை புதிய இணைப்பு வேண்டாம். அளக்க வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால், பள்ளம் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்ட நானே வந்து நிற்கிறேன்.

பணிவுடன்,
இரண்டாவது பில்லர் பெட்டிக்கு எதிர்வீட்டுக்காரன்